பழைய சிந்தசைசர் ஒண்ணு வாங்கப் போய்...

திருநகர் வீட்டு மாடியில பத்துக்குப் பத்து ரூம். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், எதிரொலி அடங்க சுவரெல்லாம் பழைய போர்வை. நடுவில் யமஹா டிஎக்ஸ்7. 1983ல் வந்த மாடல், நாலைந்து கை மாறி என்னிடம் வந்தது. மே மாசத்துல ஜன்னலைத் திறந்தா பஸ் ஹாரன் ரெக்கார்ட் ஆகும், மூடினா நான் வெந்துபோவேன். அதுதான் என் ஸ்டுடியோ.

இதுக்குத் துணையா இன்னொரு பழைய சிந்தசைசர் வாங்கணும்னு ரெண்டு வருஷமா ஆசை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: ‘டிஜிட்டல் ஒண்ணு இருக்குல்ல, அனலாக் ஒண்ணு வாங்குங்க. ரோலண்ட் ஜூனோ-106.’ ஜூனோ நல்ல கருவிதான். 1984ல் வந்தது, ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரம், வெண்ணெய் மாதிரி கோரஸ். ஆனா ஜப்பானிலிருந்து வரவழைச்சு, வரி கட்டி, 100 வோல்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் வாங்கி முடிக்கிறப்போ தொகை ரெண்டு லட்சத்தைத் தொட்டுவிடும். அவ்வளவு போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. இந்த மண்ணில் இந்தக் கருவிகள் எப்படி வந்தன, யார் கையில் எப்படிப் பேசின? எனக்கு எது வேணும்கிறதுக்குப் பதில் அதுக்குள்ள இருக்கலாம். அப்படிச் சேர்த்த குறிப்புகள்தான் இவை.

முதலில் ஒரு பாம்பு. 1954ல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தின் மகுடி இசையைக் கேட்காதவர் இல்லை. நம்ம ஊர் பேண்டு செட் இன்னைக்கும் கல்யாண ஊர்வலத்தில் அதை வாசிக்குது, நாலு பேர் கைக்குட்டையைக் கடிச்சுக்கிட்டு ஆடறாங்க. பாம்பாட்டியின் மகுடியே அதுன்னு நினைக்கிறோம். படத்துக்கு இசை ஹேமந்த் குமார். அந்த மகுடிச் சத்தத்தை உண்டாக்கியது கிளாவியோலின் என்ற மின்சாரப் பெட்டி, வாசித்தவர் பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான கல்யாண்ஜி. கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் 1947ல் உருவாக்கிய கருவி அது. நாம ‘கிராமத்துச் சத்தம்’ என்று நினைக்கிற ஒன்று வால்வுக்குள் பிறந்தது! இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, மின்சார இசைக்கு ஆன்மா இல்லைன்னு யாராவது ஆரம்பிச்சா நான் எழுந்து போயிடறேன்.

அடுத்தது அகமதாபாத். 1969ல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு பெரிய மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் நேரில் வந்து அதை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். சென்னையில் டேப் ரெக்கார்டரே கௌரவச் சின்னமாக இருந்த காலத்தில், இந்தியாவில் இருந்த மிக நவீன இசைக்கூடங்களில் அது ஒன்று. மூன்று நாலு வருஷத்தில் அந்த முயற்சி அடங்கிப்போச்சு. பதிவான நாடாக்கள் அந்த நிறுவனத்தின் காப்பகத்திலேயே கிடந்தன. பால் பர்கஸ் என்ற லண்டன் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்துத் தொகுக்க, 2023ல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதாவது ஐம்பது வருஷ மௌனம். அந்த நாடாவை யாராவது ‘பழசு, இடத்தை அடைக்குது’ன்னு தூக்கிப் போட்டிருந்தா இந்தப் பத்தியே இல்லை.

பம்பாயில் கதை வேற மாதிரி. அங்கே நிறுவனம் எதுவும் வாங்கித் தரவில்லை, வாத்தியக்காரர்களே பெட்டியில் தூக்கிவந்தார்கள். 1970களில் கெர்சி லார்ட் மினிமூகைத் திரைப்பாட்டுக்குள் நுழைத்தார். சரண்ஜித் சிங் சிங்கப்பூரில் ரோலண்டின் மூன்று பெட்டிகளை வாங்கிவந்தார்: ஜுபிட்டர்-8 சிந்தசைசர், டிஆர்-808 தாளக் கருவி, டிபி-303 பேஸ் கருவி. 1982ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். யாரும் வாங்கவில்லை. 2010ல் அது மறுபடி வெளியானபோது உலகமே வாய் பிளந்தது. காரணம், 1987ல் சிகாகோவில் டிபி-303ஐ வைத்துத்தான் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசைவகையே பிறந்ததாகச் சொல்வார்கள். இவர் அதுக்கு அஞ்சு வருஷம் முந்தி.

‘இந்தியர் முதலில் கண்டுபிடித்தார்’ என்ற பெருமையில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. டிபி-303 கிதார்காரர்கள் தனியாகப் பயிற்சி செய்யும்போது பின்னணியில் பேஸ் வாசிக்கச் செய்யப்பட்ட பெட்டி. அந்த வேலைக்குத் தோல்வி. ஏறக்குறைய 10,000 செய்துவிட்டு 1984ல் நிறுத்திவிட்டார்கள். ஆனா அதில் ‘ஸ்லைடு’ என்று ஒரு வசதி. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குத் தாவாமல் வழுக்கிப் போகும். லலித்தும் பைரவும் தெரிஞ்ச ஒருத்தர் கையில் அந்த வழுக்கல் கிடைச்சா என்ன செய்வார்? மீண்டு ஆக்குவார். அதைத்தான் அவர் செய்தார். கருவியைச் செய்தவர் நினைத்தது ஒன்று, வாசித்த கை தேடியது இன்னொன்று.

இந்த இடத்தில் நம்ம ஊருக்கு வரணும். ஏன்னா கீபோர்டுக்கும் நம்ம சங்கீதத்துக்கும் உள்ள சண்டை சிந்தசைசரோடு ஆரம்பிக்கலை. ஆர்மோனியத்திலேயே ஆரம்பிச்சாச்சு. கமகம் வராது, ஸ்வரங்கள் நம்ம ஸ்ருதிக்கு உட்காராது என்று சொல்லி 1940ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆனா வானொலி நிலையத்து வாசலில் நிறுத்தப்பட்ட அதே பெட்டி, மதுரை சுற்றுவட்டாரத்து ஸ்பெஷல் நாடக மேடையில் ராஜா. வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கும். மேடையில் ஆர்மோனியம், மிருதங்கம், சத்தமெல்லாம் எழுப்புகிற ‘ஆல்ரவுண்ட்’, அவ்வளவுதான் இசைக்குழு. இளையராஜா வளர்ந்ததும் இந்த மேடைகளின் பக்கத்தில்தான். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரம். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். சென்னைக்குப் போன பிறகு மற்றவர்களின் இசைக்குழுக்களில் கிதாரும் காம்போ ஆர்கனும் வாசித்துவிட்டுத்தான் 1976ல் ‘அன்னக்கிளி’.

ஆர்மோனியம் வாசிக்கிறவரின் கைகளைப் பாருங்க. நாடகத்துக் கால்பெட்டியில் காற்றைக் கால் பார்த்துக்கொள்ளும். பஜனைக் கைப்பெட்டியில் இடது கை முழுக்கத் துருத்திக்கே போயிடும். எப்படியானாலும் கட்டையை அழுத்தினா அந்த ஸ்வரம்தான், அதை வளைக்க வழியில்லை. பக்கத்து ஸ்வரத்தை லேசாகத் தொட்டு, உரசி, கமகம் இருக்கிற மாதிரி ஒரு மாயம் காட்டணும். நல்ல பெட்டிக்காரர்கள் காட்டினார்கள். 1970ல் வந்த மினிமூக் அந்த இடது கைக்கு ஒரு சக்கரத்தைக் கொடுத்தது. உருட்டினா ஸ்வரம் வளையும். அதுக்குப் பிறகு வந்த கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் இடது ஓரத்தில் சக்கரமோ குச்சியோ உண்டு. வெள்ளைக்காரப் பியானோ மரபில் வந்தவருக்கு இடது கை என்றால் கார்டு. நம்ம மேடைக் கலைஞருக்கு இடது கை என்றால் ‘பெண்டர்’. நாதஸ்வரம் வேணுமா, வலது கை விரல் ஸ்வரத்தில், இடது கை பெண்டரில். திருவிழா மேடையில் கீபோர்டு வாசிக்கிறவரை அடுத்த தடவை பார்க்கும்போது முகத்தைப் பார்க்காதீங்க, இடது கையைப் பாருங்க.

சரி, டிஎக்ஸ்7க்கு வர்றேன். இந்தக் கருவியின் பிறப்பிலேயே நமக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கு. 1967ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்வரத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அசைவை வேகமாக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் அசைவாகக் கேட்பது நின்று, ஸ்வரத்தின் நிறமே மாறிவிட்டது. மணி மாதிரி, தகரம் மாதிரி, மரம் மாதிரி. ஒருவகையில் கமகத்தை முடுக்கி முடுக்கி நாதமாக்கின கதை. அமெரிக்க ஆர்கன் கம்பெனிகளுக்கு இதன் அருமை புரியவில்லை, யமஹாவுக்குப் புரிந்தது. பதினாறு வருஷம் கழித்து டிஎக்ஸ்7. ஆறு ‘ஆபரேட்டர்’, 32 இணைப்பு முறைகள், ஒரே நேரத்தில் 16 ஸ்வரம். ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. மூச்சால் ஊதி ஒலியைக் கட்டுப்படுத்தும் சாதனத்துக்குக்கூட ஒரு துளை வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் விலை 1,995 டாலர். அன்றைக்கு டாலர் பத்து ரூபாய். ஆக இருபதாயிரம், இறக்குமதி வரி தனி. 1983ல் மதுரையில் அந்தப் பணத்துக்கு என்னென்ன வாங்கலாம்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. அதனால்தான் இங்கே ‘தேர்வு’ என்ற பேச்சே கிடையாது. வெளிநாடு போன யாரோ எதைத் தூக்கிவந்தார்களோ அது. ஒருத்தரிடம் இருக்கும், பத்துப் பேர் வாடகைக்கு எடுப்பார்கள். ஏ.ஆர்.ரகுமானின் அப்பா ஆர்.கே.சேகர் 1976ல் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. கருவி என்பது சோறு. இந்த ஒரு வரி போதும், இங்கே ஏன் யாரும் ‘கலெக்‌ஷன்’ வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு.

1986ல் ரெண்டு கமல் படம். மே மாசம் ‘விக்ரம்’, தீபாவளி சமயத்தில் ‘புன்னகை மன்னன்’. இரண்டிலும் இளையராஜா மின்சார ஒலியைக் கூச்சமில்லாமல் முன்னால் வைத்தார். ‘புன்னகை மன்னன்’ தீம் இசைக்கு சீக்வென்ஸர் வேலையில் உதவியவர் அப்போது திலீப் என்று அழைக்கப்பட்ட ரகுமான். ராஜாவின் குழுவில் கீபோர்டு என்றால் விஜி மானுவேல் பேர் வரும். அந்தப் பேர்கூட ரசிகர்கள் பின்னாளில் தேடித் தேடிச் சொன்னதால்தான் நமக்குத் தெரியும். அந்தக் கால இசைத்தட்டு உறையைத் திருப்பிப் பாருங்க. இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர். வாசித்தவர் யார், எந்தக் கருவியில் என்பதற்கு ஒரு வரி இருக்காது. எண்பதுகளின் ராஜா பாட்டில் வருகிற அந்தக் கண்ணாடி மணிச் சத்தம் என் டிஎக்ஸ்7ல் வருகிற சத்தமேதான்னு என் காது சத்தியம் பண்ணும். காதின் சத்தியம் சரித்திர ஆதாரம் ஆகாது.

பிறகு 1989. ரகுமான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ரெக்கார்ட் இன் கட்டினார். உள்ளே வைக்கக் கருவி வாங்கக் காசில்லாமல், அம்மா கொடுத்த நகையை அடகு வைத்து முதல் ரெக்கார்டர் வாங்கினதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1992ல் ‘ரோஜா’ அந்த அறையிலிருந்துதான் வந்தது. வீட்டு ஸ்டுடியோ வைத்திருக்கிற ஒவ்வொருத்தனும் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைக்க வேண்டிய கதை. அதே ரகுமான் பின்னாளில் வெள்ளைக் கட்டை கறுப்புக் கட்டையே இல்லாத, விரலை இழுத்துக்கொண்டே போகக்கூடிய ‘கன்டினுவம்’ கருவியை எடுத்தார். லிப்போல்ட் ஹேக்கன் என்பவர் உருவாக்கியது. 1940ல் வானொலி எழுப்பின கேள்விக்கு ஒரு வழியாகப் பதில்.

இனி என் கதை. சொல்லக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

டிஎக்ஸ்7ல் நாம உருவாக்குகிற 32 ஒலிகளை ஒரு சின்ன பேட்டரிதான் ஞாபகத்தில் வைத்திருக்கும். கடிகாரத்தில் போடுகிற மாதிரி வட்டமான லித்தியம் பேட்டரி. அது செத்தால் ஒலிகளும் போச்சு. என்னிடம் வந்தபோது பேட்டரிக்கு இன்னும் உயிர் இருந்தது. சென்னையில் ஒரு சின்ன ஸ்டுடியோ மூடினபோது வெளியே வந்த கருவி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். திரையில் கம்பெனி வைத்த பேர்களுக்கு நடுவில் ‘வீணா’ என்று ஒன்று, ‘நாதஸ்’ என்று ஒன்று, இன்னும் ஏழெட்டு பாதி பாதிப் பேர்கள் ஆங்கில எழுத்தில். ரெண்டு நாள் வாசித்துப் பார்த்துவிட்டு, பழைய பேட்டரி எதுக்குன்னு மூடியைக் கழற்றினேன். சால்டரிங் அயர்னை வைத்துப் பழசை எடுத்தேன், புதுசை வைத்தேன். ஆன் பண்ணினால் திரை முழுக்கக் குப்பை எழுத்து. கவலைப்படாமல் இணையத்திலிருந்து கம்பெனி ஒலிகளை இறக்கி ஏற்றினேன். வேலை முடிஞ்சதுன்னு சந்தோஷமா தூங்கினேன்.

ஆறு மாசம் கழிச்சுத்தான் உறைச்சது. யாரோ ஒருத்தர் எண்பதுகளில் ராத்திரி உட்கார்ந்து, ஆறு ஆபரேட்டரையும் ஒவ்வொன்றாகத் திருகி, அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு வீணையைச் செய்திருக்கார். அது எந்தப் பாட்டில் வந்ததோ. நான் அழிச்சுட்டேன். மிடி கேபிள் ஒன்றைச் செருகி ‘டம்ப்’ எடுத்திருந்தால் போதும். 32 ஒலியும் சேர்த்து மொத்தம் 4,104 பைட். வாட்ஸப்பில் வருகிற ஒரு காலை வணக்கப் படம் இதைவிடப் பல மடங்கு பெரிசு.

இதைத் தெரிஞ்சுக்கிட்டப்புறம் ஜூனோ ஆசை மெதுவா வடிஞ்சுது. ஜூனோ-106 ஜப்பானில், ஐரோப்பாவில், அமெரிக்காவில் நல்ல கைகளில் பத்திரமாக இருக்கு. அதோட ஒவ்வொரு சத்தமும் ஆயிரம் இடத்தில் பதிவாகியிருக்கு. எங்க ஊர் மேடையில் முப்பது வருஷம் வேலை பார்த்த கருவிகள் எங்கே? தொண்ணூறுகளின் மெல்லிசைக் கச்சேரிகளைக் கேட்டவர்களுக்கு ரோலண்டின் எக்ஸ்பி வரிசை பழக்கமான சத்தம். 1995ல் வந்த எக்ஸ்பி-50ல் 61 கட்டை, 64 குரல், ஒரு பிளாப்பி டிரைவ், கூடுதல் ஒலி அட்டைகளுக்கு நாலு இடம். ‘ஆசியா’ என்றே ஒரு அட்டை போட்டிருந்தார்கள். பழைய கருவி ரசிகர்கள் இதை ‘விண்டேஜ்’ என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வெறும் சாம்பிள் பெட்டி என்பார்கள். சொல்லிட்டுப் போகட்டும்.

தெரிந்த ஒரு அண்ணன் இருபது வருஷம் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர். இப்போ வாசிப்பதில்லை. அவரிடம் ஒரு எக்ஸ்பி-50 கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

“விக்கிறீங்களாண்ணே?”

“இதையா? தம்பி, இதுக்கு இப்ப எவன் காசு குடுப்பான். கம்ப்யூட்டர்லயே எல்லாம் வருதுல்ல.”

“நான் குடுக்குறேண்ணே.”

தூசி தட்டி ஆன் பண்ணினோம். பேட்டரி எச்சரிக்கை வந்துடுச்சு. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டுது. யூசர் பகுதியில் 128 இடம். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம், அறுபதுக்கு மேல் அவரே செய்தவை. பேருக்குப் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் இடமில்லை, அதனால் எல்லாம் சுருக்கம். ‘நாதம்2’, ‘கரகம்’, ‘ராஜாஸ்டிரிங்’, ‘அம்மன்மணி’. சில ஒலிகளில் பெண்டரின் எல்லையை மாற்றி வைத்திருந்தார். குச்சியைத் தள்ளினால் வழக்கமான ரெண்டு ஸ்வர இடைவெளி இல்லை, ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய. ஏன்னு கேட்டேன்.

“மேலே போறப்ப பெரிசா இழுக்கணும், கீழே வர்றப்ப சின்ன அசைவுதான் வேணும். எங்க கூட நாதஸ்வரம் வாசிச்ச பெரியவர் திட்டித் திட்டிச் சொல்லிக்குடுத்தது.”

இதை எந்தக் கையேட்டிலும் நான் படிச்சதில்லை.

பேட்டரியைத் தொடவில்லை. முதலில் கேபிள். மிடி வழியாக முழு டம்ப் ரெண்டு தடவை எடுத்தேன். டிரைவ் இன்னும் ஓடியதால் பிளாப்பியிலும் ஒரு நகல். பிறகு ஒவ்வொரு ஒலியையும் அவரையே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தோம். ஒலியை நான் காப்பாத்தலாம், இடது கையை எப்படிக் காப்பாத்துறது? அதனால் போனை ஸ்டாண்டில் வைத்து அந்தக் கையை மட்டும் வீடியோ எடுத்தேன். மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. அதுக்கப்புறம்தான் பேட்டரியை மாத்தினது, எல்லாவற்றையும் திருப்பி ஏற்றினது. இப்போ அது டிஎக்ஸ்7க்குப் பக்கத்தில் நிக்குது.

97ஆம் இடத்தில் இருந்த ஒலிக்குப் பேரே இல்லை, வெறும் புள்ளி மட்டும் வைத்திருந்தார். புல்லாங்குழலும் இல்லாம, கிளாரினெட்டும் இல்லாம நடுவில் ஒண்ணு. இது எதுக்குச் செஞ்சீங்கண்ணேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். ஞாபகம் வரலை. ஆனா கட்டையில் விரல் வச்சதும் கை தானா ஒரு மெட்டுக்குப் போச்சு. எட்டு ஸ்வரம் வாசிச்சுட்டு நிறுத்திட்டார்.

“எந்தப் பாட்டு தம்பி இது?”

எனக்கும் தெரியலை. அந்த எட்டு ஸ்வரத்தையும் தனி கோப்பா வச்சிருக்கேன்.